தன் வீட்டையே தட்டிக் கேட்டவர்கள்

அமெரிக்கத் தபால் துறை 1967ஆம் ஆண்டில் ஃபிரடெரிக் டக்ளஸ், ஹென்றி டேவிட் தோரோ ஆகிய இருவரின் உருவங்களையும் தபால் தலைகளில் பொறித்து வெளியிட்டது. அடுத்த ஆண்டு தாமஸ் பெயினுக்கு அந்தச் சிறப்புக் கிட்டியது. 1992இல் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்கும், 1999இல் மால்கம் எக்ஸுக்கும் அதே மரியாதை செய்யப்பட்டது.

இந்த ஐவரும் உயிரோடு இருந்தபோது அந்நாடு அவர்களை எவ்வாறு நடத்தியது? டக்ளஸ் சட்டத்தின் பார்வையில் தப்பியோடிய ஓர் உடைமை. தோரோ வரி கட்ட மறுத்துச் சிறையில் அடைக்கப்பட்டவர். பெயின் இறந்தபோது, அவர் விரும்பிய இடுகாட்டில் ஆறடி நிலம் தர மறுத்தார்கள். டுபாய்ஸின் பாஸ்போர்ட்டை அரசு முடக்கி வைத்தது. மால்கம் எக்ஸ் சென்ற இடமெல்லாம் ஒற்றர்கள் பின்தொடர்ந்தார்கள்.

வாழும்போது கல்லெறிவதும், மறைந்தபின் மாலை சூட்டுவதும் உலக வழக்கம்தானே என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அமெரிக்க அரசியல் சிந்தனையின் வரலாற்றைச் சற்றே ஊன்றிப் படிப்போர்க்கு இதில் ஒரு தனிச் செய்தி புலப்படும். 1776ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அந்நாட்டின் தலைவர்கள் ஒரு பிரகடனத்தை உலகறிய வெளியிட்டார்கள். மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள். பறிக்க முடியாத உரிமைகளைப் படைத்தவனே அவர்களுக்கு வழங்கியிருக்கிறான் என்பது அதன் சாரம். அதை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனோ, தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே விழுந்த இந்தப் பிளவில்தான் அமெரிக்காவின் எதிர்க்குரல்கள் பிறந்தன.

அந்தக் குரல்களுக்குரியோர் தம் நாடு தானே எழுதி ஒப்பமிட்ட ஓலையை எடுத்து வைத்து, ‘இது உங்கள் கையெழுத்துத்தானே? இதன்படி நடக்கிறீர்களா?’ என்று கேட்டார்கள். பகைவன் கேட்டால் பகையென்று தள்ளிவிடலாம். வீட்டுப் பிள்ளை கேட்டால் என்ன செய்வது? அவர்கள்மீது எழுந்த சினத்தின் வேர் இக்கேள்வியில் இருக்கிறது.

எழுத்தால் ஒரு நாட்டை எழுப்பியவர்

தாமஸ் பெயின் 1737இல் இங்கிலாந்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். தந்தையின் தையல் தொழிலிலும், வரித்துறையின் சிறு உத்தியோகத்திலும் நிலைபெற முடியாமல், 37ஆம் வயதில் கடல் கடந்து ஃபிலடெல்ஃபியா நகருக்கு வந்தார். அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள், 1776 ஜனவரியில், ‘காமன் சென்ஸ்’ என்னும் சிறுநூலைத் தம் பெயரைப் போடாமலே வெளியிட்டார். அதுவரை அங்கிருந்த குடியேற்ற மக்களில் பலர், இங்கிலாந்து மன்னர் தங்கள் குறைகளைத் தீர்த்து வைப்பார் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். பரம்பரை அரசாட்சி என்பதே அறிவுக்கு ஒவ்வாதது, பிரிந்து தனிநாடாவதே வழி என்று பெயின் வாதிட்டார். கற்றறிந்தோர்க்கு மட்டுமே விளங்கும் நடையை விலக்கி, கொல்லரும் உழவரும் படிக்கக் கேட்டுப் புரிந்துகொள்ளும் மொழியில் எழுதினார். அந்த ஆண்டின் நடுவிலேயே சுதந்திரப் பிரகடனம் வந்துவிட்டது.

அத்துடன் அவர் நின்றிருந்தால் நாடு முழுதும் சிலை வைத்திருப்பார்கள். அவர் நிற்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்கு ஆதரவாக எழுதினார். அந்தப் புரட்சி அரசின் மன்றத்துக்கே உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அதே மன்றத்தில், பதவியிழந்த மன்னனைக் கொல்லக்கூடாது, நாடு கடத்தினால் போதும் என்று பேசினார். மன்னராட்சியை எதிர்த்தவர் மன்னனின் உயிருக்காக வாதாடியதைப் புரட்சித் தோழர்கள் பொறுக்கவில்லை. 1793 டிசம்பர் முதல் 1794 நவம்பர் வரை பாரிஸ் சிறையில் கிடந்தார்.

1797இல் அவர் வெளியிட்ட ‘அக்ரேரியன் ஜஸ்டிஸ்’ என்னும் சிறுநூல் இன்றும் வியப்பூட்டக்கூடியது. நிலம் மனித குலம் முழுமைக்கும் உரிய பொதுச் சொத்து. அதை வேலியிட்டு வைத்திருப்போர் மற்றவர்களுக்குக் கடன்பட்டவர்கள். அந்தக் கடனை ஒரு நிதியாகத் திரட்டி, 21 வயதாகும் ஒவ்வொருவருக்கும் 15 பவுனும், 50 வயது கடந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் 10 பவுனும் வழங்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். இது இரக்கத்தால் இடும் பிச்சையன்று, உரிமையால் பெறும் பங்கு என்பது அவர் கருத்து. முதியோர் ஓய்வூதியம் என்ற சொல் அரசியலில் புழங்குவதற்கு நூறாண்டு முன்னர் எழுந்த சிந்தனை இது.

கடவுள் ஒருவனே என்று ஏற்றுக்கொண்ட பெயின், வேதங்களையும் திருச்சபைகளையும் கடுமையாகச் சாடி ஒரு நூல் எழுதினார். அவருடைய அந்தக் கருத்துகளை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் அந்த ஒரு நூலை வைத்து, தன்னை எழுப்பிய மனிதரையே அமெரிக்கா மறந்துபோனது. 1809இல் நியூயார்க்கில் அவர் இறந்தபோது, குவேக்கர் சமயத்தார் தம் இடுகாட்டில் இடம் தரவில்லை. அவருடைய பண்ணை நிலத்திலேயே அடக்கம் நடந்தது. உடன் சென்றவர் மிகச் சிலரே. பத்தாண்டு கழித்து வில்லியம் காபெட் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து, உரிய நினைவிடம் எழுப்புவதற்கென்று இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். நினைவிடம் எழவில்லை, எலும்புகளும் காணாமற் போயின.

ஒரு மாளிகையின் இரு பெண்கள்

அரசை எதிர்ப்பதைவிடக் கடினமானது பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் எதிர்த்துப் பேசுவது. சாரா கிரிம்கே, ஆஞ்சலினா கிரிம்கே என்னும் சகோதரிகளின் வரலாறு அத்தகையது.

தெற்குக் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில், நீதிபதியும் பெருநிலக்கிழாருமான ஒருவரின் புதல்வியர் இவர்கள். வீடு நிறைய அடிமைகள். சிறுமியாக இருந்தபோதே சாரா, தனக்குப் பணிவிடை செய்த அடிமைச் சிறுமிக்கு இரவில் இரகசியமாக எழுத்துக் கற்றுக் கொடுத்தார். அது வெளிப்பட்டபோது, சட்டமறிந்த தந்தை கடிந்து தடுத்தார். அடிமைக்கு எழுத்தறிவிப்பது அங்கே சட்ட விரோதம்!

சகோதரிகள் இருவரும் செல்வத்தை உதறிவிட்டு வடக்கே சென்றார்கள். 1836இல் ஆஞ்சலினா, தெற்கத்திய கிறித்தவப் பெண்களை விளித்து ஒரு நூல் எழுதினார். சட்டமியற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லாவிட்டாலும், படிக்கவும் இறைவனை வேண்டவும் பேசவும் உங்களால் முடியும். கணவரிடமும் தந்தையிடமும் அடிமை முறையின் பாவத்தை எடுத்துரையுங்கள் என்பது அதன் வேண்டுகோள். சார்ல்ஸ்டனில் அதன் பிரதிகள் தீயிடப்பட்டன. பிறந்த ஊருக்குத் திரும்பினால் கைது செய்யப்படுவாய் என்று அவருக்கு எச்சரிக்கை வந்தது.

வடக்கிலும் அவர்களுக்கு நிம்மதி இல்லை. பெண்கள் பொது மேடையில் ஆடவர் முன்னிலையில் பேசலாமா என்று பாதிரிமார் கண்டன அறிக்கை விடுத்தார்கள். சாரா அதற்கு விடையாகவே பெண்ணுரிமை குறித்த கடிதங்களை எழுதி 1838இல் நூலாக்கினார். அவ்வாண்டு பிப்ரவரியில் மாசச்சூசெட்ஸ் சட்டமன்றக் குழுவின் முன் ஆஞ்சலினா உரையாற்றினார். மே 16ஆம் நாள் ஃபிலடெல்ஃபியாவில் புதிதாய்க் கட்டிய பென்சில்வேனியா மண்டபத்தில் அவர் பேசியபோது, வெளியே திரண்ட கும்பல் சன்னல்கள்மீது கல்லெறிந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. மறுநாள் இரவு அம்மண்டபம் எரிந்து சாம்பலாயிற்று.

அடிமை முறை ஒழிந்த பின்னரும் இந்தச் சகோதரிகளுக்கு ஒரு சோதனை காத்திருந்தது. 1868இல் ஆஞ்சலினா, லிங்கன் பல்கலைக் கழகத்தில் கிரிம்கே என்னும் பெயருடைய கறுப்பின மாணவர் ஒருவர் சிறப்பாகப் பேசினார் என்ற செய்தியைப் பத்திரிகையில் கண்டார். அது தங்கள் குடும்பப் பெயராயிற்றே என்று கடிதம் எழுதி விசாரித்தார். இறந்துபோன தம் அண்ணன் ஹென்றிக்கு அடிமைப் பெண்ணொருத்தியிடம் பிறந்த மகன்களே அந்த மாணவரும் அவர் உடன்பிறந்தாரும் என்பது தெரியவந்தது. அண்ணன் இறந்தபின், அவருடைய மற்றொரு மகனே அந்தத் தம்பிமாரை அடிமைகளாக வேலை வாங்கியிருந்தான்!

குடும்ப மானம் என்று மூடி மறைக்கத்தக்க செய்தி இது. மூடி மறைத்தவர்கள் அந்நாளில் ஆயிரமாயிரம் பேர். சகோதரிகளோ, ‘நீங்கள் எங்கள் மருமக்கள்’ என்று ஊரறிய ஏற்றுக்கொண்டு, வீட்டுக்கு அழைத்து, அவர்களின் கல்விக்கும் உதவினார்கள். ஆர்ச்சிபால்டு ஹார்வர்டில் சட்டம் பயின்று 1874இல் பட்டம் பெற்றார். ஃபிரான்சிஸ் சமயப் பணியாளராகப் பெயர் பெற்றார். பின்னாளில் இருவருமே கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் முன்னணியில் நின்றார்கள். மேடையில் சொன்ன சொல்லுக்கு வீட்டு வாசலில் சோதனை வந்தபோதும் அச்சகோதரிகள் தவறவில்லை.

எரிப்பதா, ஏந்துவதா?

எதிர்க்குரல் எழுப்பியவர்கள் தமக்குள் ஒருமனப்பட்டவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அடிமை ஒழிப்பு இயக்கத்துக்குள்ளேயே ஒரு பெரும் விவாதம் நடந்தது. 1787இல் இயற்றப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டம் அடிமை என்ற சொல்லை எங்கும் உச்சரிக்கவில்லை. ஆயினும், மக்கள் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ண வேண்டும் என்றும், தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் விதிகள் இருந்தன. அத்தகைய சட்டத்தை என்ன செய்வது?

வில்லியம் லாயிட் கேரிசன் என்னும் வெள்ளையர், 1831 ஜனவரி முதல் நாளில் ‘லிபரேட்டர்’ என்னும் வார இதழைத் தொடங்கி 35 ஆண்டுகள் இடைவிடாது நடத்தியவர். 1835இல் பாஸ்டன் நகரத் தெருவில் கும்பலொன்று அவரைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றது. அடிமைச் சட்டத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கை பாவ உடன்படிக்கையே என்று கூறிய அவர், 1854 ஜூலை 4ஆம் நாள், நாட்டின் சுதந்திர தின விழாவன்றே, பொதுக்கூட்டத்தில் அரசியல் சட்டப் பிரதியைத் தீயிட்டு எரித்தார்.

ஃபிரடெரிக் டக்ளஸ் மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்து, 1838இல் தப்பி வந்தவர். கேரிசனின் அரவணைப்பில் மேடையேறியவர். 1845இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டதும், பிடிபடுவோம் என்று அஞ்சி இங்கிலாந்து செல்ல நேர்ந்தது. அங்குள்ள நண்பர்கள் பணம் திரட்டி 1846இல் அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். தம் உடலுக்கே பற்றுச்சீட்டு வாங்க வேண்டியிருந்த அந்த மனிதர், 1851இல் தம் ஆசான் கேரிசனிடமிருந்து கருத்தளவில் பிரிந்தார். இந்தச் சட்டத்தின் முகவுரையையும் பிரகடனத்தின் கொள்கையையும் நேர்மையாகப் படித்தால் அடிமை முறைக்கு அதில் இடமில்லை. எனவே எரிக்க வேண்டாம், அதையே ஆயுதமாய் ஏந்துவோம் என்றார் அவர்.

1852 ஜூலை 5ஆம் நாள் ராச்செஸ்டர் நகரில், அடிமை ஒழிப்புப் பெண்கள் சங்கத்தின் அழைப்பை ஏற்று அவர் ஆற்றிய உரை, அமெரிக்க மேடைப் பேச்சுகளில் தலையாயது எனலாம். சுதந்திரத் திருநாளைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டவர், அதற்கு மறுநாள் பேசினார். முன்னோரின் துணிவைப் பாராட்டிவிட்டு, இந்தத் திருநாள் உங்களுடையதே அன்றி என்னுடையதன்று. அடிமைக்கு இது என்ன நாள் என்று அரங்கினரையே வினவினார். கொண்டாட்டத்துக்கு வந்தவர்கள் கணக்குக் கேட்கப்பட்டார்கள்.

ஆசானும் மாணவரும் இவ்வாறு பிரிந்தாலும், இருவர் உழைப்பும் ஒரே கரையைத்தான் சேர்ந்தது. உள்நாட்டுப் போருக்குப்பின் 1865 டிசம்பரில் அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தம் நிறைவேறியது. கேரிசன் எரித்த அதே சட்டத்துக்குள் டக்ளஸ் கேட்ட விதி எழுதப்பட்டது.

ஓரிரவுச் சிறையும் உலகப் பயணமும்

1846இல் அமெரிக்கா மெக்சிகோ நாட்டின்மீது போர் தொடுத்தது. அடிமை முறையை மேலும் பல நிலப்பகுதிகளுக்குப் பரப்பவே இந்தப் போர் என்று வடக்கில் பலர் குமுறினார்கள். குமுறிக்கொண்டே வரியும் கட்டினார்கள். காங்கார்டு என்னும் சிற்றூரில் வாழ்ந்த 29 வயது இளைஞர் தோரோ, தலைவரி கட்டுவதை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். அவ்வாண்டு ஜூலையில் ஊர்க் காவல் அதிகாரி அவரைச் சிறையிலிட்டார். அன்றிரவே யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் காலை வெளியேற்றப்பட்டார்.

அந்த ஓரிரவைப் பற்றிச் சிந்தித்து 1849இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அநீதியை மனத்தால் வெறுத்துவிட்டு, கையால் அதற்குப் பணம் கொடுப்பவன் அந்த அநீதியில் பங்காளியே; பெரும்பான்மையின் முடிவுக்குக் காத்திராமல், தன் ஒத்துழைப்பைத் தானே விலக்கிக் கொள்ளும் உரிமை தனி மனிதனுக்கு உண்டு என்பது அதன் கருத்து. அப்போது அதைப் படித்தவர்கள் சிலரே. 1862இல் அவர் காலமானார்.

ஆனால் 1907இல் அக்கட்டுரையின் பகுதிகள் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் வெளிவந்தன. அங்கே அடையாளப் பதிவுச் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்ற இந்தியர்களில் முஸ்லிம் வணிகர்களும் தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தார்கள். பின்னர் மார்ட்டின் லூதர் கிங் தம் கல்லூரி நாள்களில் தோரோவைப் படித்தார். காந்தியடிகளின் வழிமுறையையும் கற்றார். அமெரிக்கச் சிற்றூரில் எழுந்த சிந்தனை, ஆப்பிரிக்காவையும் இந்தியாவையும் சுற்றி வந்து அமெரிக்காவையே மீண்டும் தட்டியது.

போர்க்காலச் சோதனை

அமைதிக் காலத்தில் மாற்றுக் கருத்தைப் பொறுத்துக்கொள்ளும் நாடு, போர் என்றதும் முகம் மாறிவிடும். 1917இல் முதலாம் உலகப்போரில் இறங்கிய அமெரிக்கா, உளவுத் தடுப்புச் சட்டம் என்ற பெயரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒற்றரைப் பிடிக்க வந்த சட்டம் பேச்சாளரையே அதிகம் பிடித்தது.

அவ்வாறு பிடிபட்டவர்களில் முதன்மையானவர் யூஜின் டெப்ஸ். இரயில்வே தொழிலாளர் தலைவர்; 1894இல் புல்மன் வேலைநிறுத்தத்துக்காக ஆறு மாதம் சிறையிருந்தவர்; சோஷலிஸ்ட் வேட்பாளராக நான்கு முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர். 1918 ஜூன் 16ஆம் நாள் ஒஹையோ மாநிலத்தின் கேண்டன் நகரில் அவர் பேசினார். போரை அறிவிப்பவர்கள் ஆளும் வர்க்கத்தார். அதில் சாவதோ உழைக்கும் மக்கள். அந்த மக்களிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை என்றார். இதற்குத் தண்டனை பத்தாண்டுச் சிறை! 1919 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை உறுதி செய்தது.

62 வயதில் தண்டிக்கப்பட்ட டெப்ஸ், 1920 தேர்தலில் அட்லாண்டா சிறையிலிருந்தே ஐந்தாம் முறையாகப் போட்டியிட்டார். 9 லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தக் கைதிக்கு வாக்களித்தார்கள். போர் முடிந்தும் குடியரசுத் தலைவர் வில்சன் அவரை விடுவிக்க மறுத்துவிட்டார். அவருக்குப்பின் வந்த ஹார்டிங் 1921 கிறிஸ்துமஸ் நாளில் விடுதலை செய்தார். டெப்ஸின் தண்டனையை உறுதி செய்த தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹோம்ஸ், அதே ஆண்டு நவம்பரில் மற்றொரு வழக்கில் பேச்சுரிமைக்கு ஆதரவாக மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். உடனடிக் கலகத்தைத் தூண்டாத பேச்சுக்குத் தண்டனை கூடாது என்ற நிலைக்கு உச்ச நீதிமன்றம் வந்து சேர 1969ஆம் ஆண்டாயிற்று. இடையில் கடந்தது அரை நூற்றாண்டு.

டெப்ஸ் கேண்டனில் பேசிய அடுத்த மாதம், கறுப்பின மக்களின் தலைசிறந்த சிந்தனையாளரான டுபாய்ஸ் தாம் நடத்திய ‘கிரைசிஸ்’ இதழில் வேறு விதமாக எழுதினார். போர் முடியும்வரை நம் தனிக் குறைகளை ஒதுக்கி வைத்து, வெள்ளையரோடு தோள் சேர்வோம் என்றார். விசுவாசத்துக்கு நன்றி கிடைக்கும் என்பது கணக்கு. கணக்குப் பொய்த்தது. 1919 கோடையில் பல நகரங்களில் கறுப்பின மக்கள்மீது வன்முறை வெடித்தது. போரிலிருந்து திரும்பியவர்களும் அதற்குத் தப்பவில்லை. எத்துணைப் பெரிய சிந்தனையாளரும் தம் சமூகத்தின்மீதுள்ள அக்கறையாலேயே ஒரு கணம் தடுமாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

அந்தத் தடுமாற்றம் நீடிக்கவில்லை. அணுகுண்டுக்கு எதிராகக் கையொப்பம் திரட்டிய அமைப்புக்குத் தலைமை தாங்கியதற்காக 1951இல், 83ஆம் வயதில், அந்நிய நாட்டின் முகவர் என்று டுபாய்ஸ்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். கைவிலங்கும் பூட்டினார்கள். வழக்கு நிற்கவில்லை, ஆனால் 1958வரை பாஸ்போர்ட் தரவில்லை. 1961இல் கானா நாட்டுக்குக் குடிபெயர்ந்த அவர், 1963 ஆகஸ்டு 27ஆம் நாள் 95ஆம் வயதில் அங்கேயே மறைந்தார். மறுநாள் வாஷிங்டனில் கறுப்பின மக்களின் மாபெரும் உரிமைப் பேரணி நடைபெற்றது.

திருத்திக்கொள்ளும் துணிவு

மால்கம் எக்ஸின் வரலாறு நம் இல்லங்களில் ஓரளவு அறியப்பட்டதே. 1925இல் பிறந்தவர், ஆறாம் வயதில் தந்தையை இழந்தவர், திருட்டுக் குற்றத்துக்காக 1946 முதல் 1952 வரை சிறையிருந்தவர். சிறையில் அகராதியைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து எழுதி மொழியறிவு பெற்றார். ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ என்னும் இயக்கத்தில் சேர்ந்து, அதன் தலைசிறந்த பேச்சாளரானார். வெள்ளையர் அனைவரும் பிறவியிலேயே தீயவர் என்பது அவ்வியக்கத்தின் போதனை.

அவரை ஏனைய எதிர்க்குரல்களிலிருந்து தனித்துக் காட்டுவது அடுத்து நடந்ததுதான். 1964 மார்ச்சில் அவர் அவ்வியக்கத்திலிருந்து விலகினார். ஏப்ரலில் ஹஜ் கடமையை நிறைவேற்ற மக்கா சென்றார். எல்லா நிறத்தவரும் ஒரே உடையில், ஒரே தட்டில் உண்டு, ஒரே இறைவனை வணங்குவதைக் கண்டார். பன்னிரண்டு ஆண்டுகள் மேடைதோறும் முழங்கிய கருத்தைத் திருத்திக்கொண்டதாகக் கடிதங்களில் வெளிப்படையாகத் தெரிவித்தார். அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் என்ற பெயரை ஏற்றார். அரசை எதிர்த்தவர், தம் சொந்த இயக்கத்தையும் எதிர்த்து, தம் பழைய சொல்லையும் எதிர்த்தார்.

திருந்தியதால் குரல் தணிந்துவிடவில்லை. மாறாக, கேள்வி பெரிதாயிற்று. குடியுரிமை என்று கேட்டால் அது அமெரிக்காவின் வீட்டு வழக்கு; மனித உரிமை என்று கேட்டால் உலகின் முன் வைக்கத்தக்க வழக்கு என்று அவர் விளக்கினார். 1964 ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க நாட்டுத் தலைவர்களிடம், கறுப்பின அமெரிக்கரின் வழக்கை ஐக்கிய நாடுகள் சபையில் எழுப்புமாறு வேண்டினார். அதற்குள் காலம் முடிந்துவிட்டது. 1965 பிப்ரவரி 14ஆம் நாள், மனைவியும் சிறு பெண்மக்களும் உறங்கிய வீட்டின்மீது தீக்குண்டு வீசப்பட்டது. ஒரு வாரத்தில், பிப்ரவரி 21ஆம் நாள், நியூயார்க்கில் மனைவி மக்கள் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. அக்கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட மூவரில் இருவர் குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் 2021இல் அறிவித்தது. அவர்களுக்குச் சாதகமான ஆதாரங்களை அரசுத் துறைகள் மறைத்து வைத்திருந்ததும் வெளியாயிற்று.

மாலையும் ஒரு திரைதான்

மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளை 1986 முதல் அமெரிக்கா தேசிய விடுமுறையாகக் கொண்டாடுகிறது. 1963ஆம் ஆண்டுப் பேரணியில் அவர் தம் கனவை எடுத்துரைத்த பேச்சு அன்று எங்கும் ஒலிக்கும். 1967 ஏப்ரல் 4ஆம் நாள் நியூயார்க் ரிவர்சைடு திருச்சபையில், வியத்நாம் போருக்கு எதிராக அவர் பேசிய பேச்சோ அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. வறுமையை ஒழிக்க வேண்டிய பணம் குண்டுகளுக்குச் செல்கிறது என்று அவர் கூறியபோது, முன்னணிப் பத்திரிகைகள் கண்டித்தன. கறுப்பின உரிமை அமைப்புகளே விலகி நின்றன. சரியாக ஓராண்டு கழித்து, 1968 ஏப்ரல் 4ஆம் நாள், துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கச் சென்ற மெம்ஃபிஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இறந்தவரின் இனிய சொற்களை மட்டும் எடுத்து மாலையாகக் கட்டி, சுடுகின்ற சொற்களை அந்த மாலைக்குப் பின்னே மறைத்துவிட முடியும் என்பதை இது காட்டுகிறது. தபால் தலையில் முகம் இருக்கும். அந்த முகம் கேட்ட கேள்வி இராது. 1917ஆம் ஆண்டின் உளவுத் தடுப்புச் சட்டம் இன்றும் அந்நாட்டின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இவர்களில் எவரும் பிழையற்றவர் அல்லர். பெயின் சில இடங்களில் வரம்பு மீறினார். கேரிசனும் டக்ளஸும் கசப்போடு பிரிந்தார்கள். டுபாய்ஸ் ஒரு முறை தடுமாறினார். மால்கம் தம் பழைய கருத்தைத் தாமே மறுத்தார். எதிர்த்துப் பேசுகிறவர் எல்லாரும் சரியாகவே பேசுவார் என்பதில்லை. அவர் பேச இடமளித்தால்தான் சரி எது, தவறு எது என்பது தெளிவாகும். வாயை மூடிவிட்டால் இரண்டும் சேர்ந்தே புதைந்துபோகும்.

நாடு என்பது பெரிய வீடு. வீடு என்பது சிறிய நாடு. நம் குடும்பங்களிலும் ஜமாஅத்துகளிலும், ‘நாம் சொல்வது ஒன்று, செய்வது ஒன்றாக இருக்கிறதே’ என்று ஓர் இளம் குரல் கேட்கக்கூடும். பெரும்பாலும் அது மகளாகவோ மருமகளாகவோ படித்த பிள்ளையாகவோ இருக்கும். அந்தக் கேள்வியைப் பணிவின்மை என்று எண்ணி அதட்டிவிடுவது எளிது. அவர் எடுத்துக் காட்டுவது நாம் மதிக்கும் நம் சொந்த வாக்கைத்தானா என்று முதலில் பார்ப்போம். ஆமெனில், கேட்டவரைத் திருத்துவதைக் காட்டிலும் நம் நடையைத் திருத்துவதே முறை. அதையும் அவர் வாழும் காலத்திலேயே செய்துவிடுவோம்.